மீனும் எழுத்தும்: ஹீராஸ் அடிகளாரின் வாசிப்பு குறித்து ஒரு மதிப்பீடு

உரோமை நகரின் நிலத்தடிக் கல்லறைகளில் தொடக்ககாலக் கிறிஸ்தவர் வரைந்து வைத்த மீன் உருவத்தை நம்மில் அறியாதார் இலர். கிரேக்க மொழியில் மீனைக் குறிக்கும் 'இக்துஸ்' என்னும் சொல்லில் ஐந்து எழுத்துகள் உள்ளன. இயேசு, கிறிஸ்து, கடவுளின், மகன், மீட்பர் என்னும் பொருளுடைய ஐந்து கிரேக்கச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. கிரேக்கம் அறிந்த ஒருவருக்கு அந்த மீன் ஒரு விசுவாச அறிக்கை. அம்மொழி அறியாதவருக்கோ அது வெறும் மீன். படத்தைக் கண்ணால் காணலாம். ஆனால் அதனை வாசிப்பதற்கு, வரைந்தவனின் மொழியைச் செவியால் கேட்டிருக்க வேண்டும்.

அந்த மீனைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்த மற்றொரு மீனும் உண்டு. சிந்துவெளி முத்திரைகளில் அது மீண்டும் மீண்டும் காணப்படுகிறது. 1924ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் சர் ஜான் மார்ஷல் சிந்துவெளி நாகரிகத்தின் கண்டுபிடிப்பை உலகிற்கு அறிவித்தார். அன்று தொட்டு அந்த முத்திரைகளை வாசிக்க முயன்றோர் பலர். அவர்களுள், அந்த மீனைத் திராவிடச் சொல்லால் முதலில் பொருள்கொண்டவர் ஓர் இயேசு சபைத் துறவி என்பது நம் திருஅவையினர் பலரும் மறந்துவிட்ட செய்தி. அவரே ஹென்றி ஹீராஸ் அடிகளார். அவரது பணியைப் போற்றுவது எளிது. போற்றுதலோடு அதனை எடைபோட்டும் பார்ப்பது நமக்கு நன்மை தரும் என்று எண்ணுகிறேன். அவர் பெற்ற வெற்றியும் அவருக்கு நேர்ந்த தவறும் இன்றைய தமிழராகிய நமக்குப் பாடமாக அமைகின்றன.

ஹீராஸ் அடிகளார் 1888இல் ஸ்பெயின் நாட்டின் பார்சலோனாவில் பிறந்தவர். 1922இல் இந்தியா வந்து, பம்பாய் புனித சவேரியார் கல்லூரியில் வரலாறு கற்பித்தார். விஜயநகரத்தின் அரவீடு மரபினரைப் பற்றி 1927இல் அவர் வெளியிட்ட நூல் தென்னக வரலாற்றில் அவருக்கிருந்த ஈடுபாட்டைக் காட்டும். பின்னர் சிந்துவெளி எழுத்தின்பால் அவர் மனம் சென்றது. அதன் மொழி திராவிட மொழியே என்று துணிந்து, ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் உழைத்து, 1953இல் ஒரு பெருநூலை வெளியிட்டார். 1955இல் இறைவனடி சேர்ந்தார். இந்திய அரசு 1981இல் அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

அவர் கண்ட நுட்பம் மிக எளியது. தமிழில் 'மீன்' என்றால் நீரில் வாழ்வதும் மீன். வானில் மின்னுவதும் மீன். அறுமீன் என்பது கார்த்திகை. எழுமீன் என்பது வடவானத்து ஏழு முனிவர் கூட்டம். வடமீன் என்பது அருந்ததி. விண்மீனை வரைந்து காட்டுவதைவிட, அதே ஒலியுடைய கடல்மீனை வரைந்து காட்டுவது எளிது. ஒலி ஒன்றாயிருப்பதால் ஒன்றின் படம் மற்றொன்றின் பெயராக நிற்கும். எகிப்திலும் சுமேரியாவிலும் பட எழுத்து ஒலியெழுத்தாக மாறியதும் இத்தகைய வழியிலேதான். சிந்து முத்திரைகளில் ஆறு கோடுகளை அடுத்து மீனும், ஏழு கோடுகளை அடுத்து மீனும் வருவதுண்டு. அறுமீன், எழுமீன் என்னும் பெயர்களை அறிந்த எவருக்கும் இதனைக் காணும்போது உள்ளம் துள்ளாமல் இராது. முத்துக்குளித்துறையில் பிறந்து, மீனைப் பிடித்தும் விடிவெள்ளியை நோக்கித் திசை தேர்ந்தும் வாழ்ந்த முன்னோரின் வழிவந்த நமக்கு, இது ஏதோ நம் வீட்டுச் செய்தி போலவே தோன்றும்.

ஆயினும் உள்ளம் துள்ளுவது சான்றாகாது. ஓர் எழுத்து உண்மையிலேயே வாசிக்கப்பட்டுவிட்டது என்று எப்போது சொல்லலாம்? இதற்கு விடை காண, உலகின் மறுகோடியில் வெற்றி பெற்ற ஒரு முயற்சியை நாம் நோக்குதல் வேண்டும். அது மெக்சிக்கோவிலும் குவாத்தமாலாவிலும் வாழ்ந்த மாயா மக்களின் எழுத்து. அவ்வரலாறு நம் திருஅவையோடும் பிணைந்தது. சொல்லக் கூசும் வகையில் பிணைந்தது.

பிரான்சிஸ்கு சபைத் துறவியான தியேகோ தெ லாந்தா 1549இல் யுக்காத்தான் நாட்டில் வந்து இறங்கினார். திருமுழுக்குப் பெற்ற மாயா மக்கள் மறைவில் பழைய தெய்வங்களை வணங்குகின்றனர் என்று சினமுற்று, கடும் விசாரணை நடத்தினார். அதில் மக்கள் வதைக்கப்பட்டனர், பலர் மாண்டனர். 1562 ஜூலை 12ஆம் நாள் மானி என்னும் ஊரில் மாயா ஏடுகளைக் குவித்துத் தீயிட்டார். மரப்பட்டைத் தாளில் சுண்ணம் பூசி எழுதப்பட்ட ஏடுகள் அவை. அவற்றில் மூடநம்பிக்கையன்றி வேறொன்றுமில்லை என்பது அவர் துணிபு. ஏடுகள் எரிந்தபோது மக்கள் பெரிதும் துயருற்றனர் என்பதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். இன்று உலகில் எஞ்சியிருக்கும் மாயா ஏடுகள் நான்கே.

வரலாற்றின் விந்தை யாதெனில், எரித்த கையே திறவுகோலையும் விட்டுச் சென்றது. அதிகாரம் மீறியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு ஸ்பெயினுக்கு அழைக்கப்பட்ட லாந்தா, 1566ஆம் ஆண்டளவில் யுக்காத்தானைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் மாயா மக்களின் 'அரிச்சுவடி' என்று ஒரு பட்டியலைத் தந்தார். மாயா அறிஞர் ஒருவரிடம் அவர் ஸ்பானிய எழுத்துகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்க, அவரும் காதில் விழுந்த ஒலிக்கு உரிய குறியை எழுதிக் கொடுத்தார். கேட்டவர் தனி எழுத்தைக் கேட்டார். எழுதியவரோ உயிர்மெய்யை எழுதினார். எடுத்துக்காட்டாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னபோது, தனக்கு விருப்பமில்லை என்று பொருள்படும் வாக்கியத்தை அம்மனிதர் எழுதினாராம். அதனையும் லாந்தா தம் நூலில் பதிந்து வைத்தார். அதிலிருந்த குரலை அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

இதே ஆண்டுகளில் நம் கடற்கரையில் நிகழ்ந்ததை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். 1547இல் முத்துக்குளித்துறைக்கு வந்த இயேசு சபையினரான அண்டிரிக் அடிகளார், பரதவ மக்களின் வாய்மொழியைச் செவிமடுத்துத் தமிழ் கற்றார். போர்த்துகீசிய மொழியில் தமிழுக்கு இலக்கணம் வகுத்தார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சேற்றினார். அவர் காலத்து மறைபணியும் குறையற்றதன்று. போர்த்துகீசியரின் வாளும் வணிகமும் அதன் பின்னே நின்றன. எனினும் ஒரே காலத்தில், ஒரே திருஅவையின் இரு துறவியருள் ஒருவர் மக்களின் எழுத்தை எரித்தார். மற்றவர் மக்களின் எழுத்தை அச்சில் வார்த்தார். இவ்விரண்டும் நம் மரபே. ஒன்றைக் கொண்டாடி மற்றொன்றை மறைப்பது நேர்மையாகாது.

லாந்தாவின் நூல் சுருக்கப் படியாக மட்டுமே எஞ்சி, 1862இல் பிராசர் தெ பூர்பூர் என்னும் பிரெஞ்சுக் குருவானவரால் மாட்ரிட் நகரில் கண்டெடுக்கப்பட்டது. அவர் அப்பட்டியலை நெடுங்கணக்கு என்றே கொண்டு மாயா ஏடு ஒன்றை வாசிக்க முனைந்து, பொருளற்ற உளறலையே பெற்றார். அதன் பின்னர் அறிஞர்கள் எதிர்த்திசையில் சென்றனர். அது ஒலியெழுத்தே அன்று. கருத்துகளைக் குறிக்கும் ஓவியமே என்றனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எரிக் தாம்சன் என்னும் ஆங்கிலேயப் பேரறிஞரின் தீர்ப்பும் அதுவாகவே இருந்தது.

1952இல் லெனின்கிராடைச் சேர்ந்த யூரி குனோரோசோவ் என்னும் இளைஞர் லாந்தாவின் பட்டியலை மீண்டும் கையிலெடுத்தார். அவை தனியெழுத்துகள் அல்ல. நம் க, கு போன்ற உயிர்மெய்கள் என்று கொண்டார். ஓர் ஏட்டில் வான்கோழியின் படத்திற்கு மேல் இரு குறிகள் இருந்தன. முதற்குறி லாந்தா தந்த 'கு'. யுக்காத்தான் மாயா மொழியில் வான்கோழிக்குப் பெயர் 'குட்ஸ்'. ஆகவே இரண்டாம் குறி 'ட்ஸு' ஆகலாம். இறுதி உயிர் ஒலிக்கப்படாது நிற்கும். பழைய ஓலைச்சுவடிகளில் புள்ளி இடாமல் எழுதியதை நம் முன்னோர் மொழியறிவால் மெய்யென்று கொண்டு வாசித்ததை நினைத்தால் இது எளிதில் விளங்கும். இனி, நாயின் படத்திற்கு மேலும் இரு குறிகள் உண்டு. அவற்றுள் முதலாவது அதே 'ட்ஸு'. அடுத்தது லாந்தாவின் பட்டியலில் லகர ஒலிக்கு உரியது. சேர்த்து வாசித்தால் 'ட்ஸுல்'. பழைய மாயா அகராதியில் அது நாயைக் குறிக்கும் சொல்!

இதன் அருமையைச் சற்று நின்று கருத வேண்டும். வான்கோழியிலிருந்து பெற்ற ஒலி, நாயிடத்தில் சோதனைக்கு உள்ளாயிற்று. அங்கே அது பொய்த்திருக்கலாம், பொய்க்கவில்லை. தாம்சன் 1975இல் இறக்கும்வரை இதனை ஏற்கவில்லை. ஆயினும் 1960இல் தத்தியானா புரோஸ்கூரியாக்கோவ் என்னும் பெண் அறிஞர் மாயாக் கல்வெட்டுகளில் அரசர்களின் பிறப்பும் முடிசூட்டும் பதிவாகியிருப்பதைக் காட்டிய பின் ஐயங்கள் படிப்படியாக அகன்றன. மாயா மொழிகள் பல இன்றும் பல இலட்சம் மக்களால் பேசப்படுவதே எல்லாவற்றிற்கும் அடிப்படை. எவர் மொழி இழிந்ததென்று ஒதுக்கப்பட்டதோ, அவர் நாவிலேயே அந்தச் சொற்கள் உயிரோடு இருந்தன.

நம் நாட்டிலும் இதற்கு இணையான வெற்றி ஒன்று உண்டு. மதுரையை அடுத்த மாங்குளத்துக் குகைகளில் உள்ள எழுத்துகளை இராபர்ட் சூவெல் 1882இல் கண்டறிந்தார். பிராமி எழுத்தின் ஒலிகளை ஜேம்ஸ் பிரின்செப் 1837இலேயே கண்டுவிட்டமையால், எழுத்தைப் படிப்பதில் பெருந்தடை இல்லை. ஆனால் பொருள் கிட்டவில்லை. மொழி பாகதம் என்றே முதலில் ஆராய்ந்தோர் கருதினர். 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர், வடமொழிக்கு இல்லாத ழகரமும் றகரமும் னகரமும் அங்கிருப்பதைச் சுட்டி, இவை தமிழ் என்று காட்டினார். எழுத்து தெரிந்தும் மொழி தெரியாமல் நின்ற கதவு அப்போதுதான் திறந்தது. 1960களில் ஐராவதம் மகாதேவன் அப்பணியை முன்னெடுத்து, மாங்குளத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரைத் தெளிவுற வாசித்தார். சங்கப் பாடல்கள் சொன்ன பெயரைக் கல்லும் சொல்லிற்று. அதே மாங்குளத்துக் கல்வெட்டொன்றில் வரும் 'காழிதிக' என்னும் பட்டத்திற்கு, முத்துகளைக் கண்காணிக்கும் அலுவலர் என்று அவர் பொருள் கண்டார். கொற்கை முத்தின் மணம் மதுரைக் குன்றின் கல்லிலும் வீசுகிறது. 2003இல் வெளிவந்த அவரது பெருநூலில் ஒவ்வொரு வாசிப்பும் எழுத்தமைதி, இலக்கணம், காலம் என்னும் மூன்று உரைகல்லிலும் உரைத்துப் பார்க்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

இப்போது ஹீராஸ் அடிகளாரிடம் திரும்புவோம். மக்கள் மொழியின்பால் செவிசாய்த்ததில் அவர் லாந்தாவுக்கு நேர் எதிரானவர். அக்கால அறிஞர் பலர் சிந்துவெளியில் வடமொழியைத் தேடியபோது, ஓர் ஐரோப்பியத் துறவி தென்னாட்டு மக்களின் சொற்களை அதன் திறவுகோலாகக் கொண்டது சிறு செயலன்று. அவர் காட்டிய வழியிலேதான் பின்னர் பின்லாந்து நாட்டு அறிஞர் அஸ்கோ பர்ப்போலா சென்றார். மாயா எழுத்தைத் திறந்த குனோரோசோவும் தம் குழுவினருடன் 1960களில் சிந்து எழுத்தை ஆராய்ந்து, அதன் அமைப்பு திராவிட மொழிக்கே பொருந்தும் என்ற முடிவிற்கு வந்தார். அடிகளாரின் செவி தவறவில்லை என்பதற்கு இவை போதிய சான்று.

தவறியது செவியன்று, பொறுமை. மீன் என்னும் ஒரு குறியில் கண்ட ஒளியைக் கொண்டு அவர் எல்லாக் குறிகளையும் வாசிக்கத் துணிந்தார். ஒவ்வொரு குறியும் ஒரு சொல் என்று கொண்டு, முத்திரைத் தொடர்களை வாக்கியங்களாகவே மொழிபெயர்த்தார். சிந்துவெளியிலிருந்து சுமேரியாவுக்கும் எகிப்துக்கும் மத்தியதரைக் கடலுக்கும் ஒரே இனம் பரவிற்று என்றும் எழுதினார். இங்கே வான்கோழியும் இல்லை, நாயும் இல்லை. ஓரிடத்தில் பெற்ற ஒலி வேறோரிடத்தில் பொய்த்துப்போகும் வாய்ப்பையே அவரது முறை அளிக்கவில்லை. தவறவே முடியாத வாசிப்பு, சரியென்று நிறுவவும் முடியாத வாசிப்பாகும். அதனாலேயே அவரது மொழிபெயர்ப்புகளை இன்று எவரும் மேற்கொள்வதில்லை. மீன் என்னும் அந்த ஒரு கருத்து மட்டுமே நிலைத்து நிற்கிறது. அதுவும் ஏற்புடைய கருதுகோளாகவேயன்றி மெய்ப்பிக்கப்பட்ட முடிவாக அன்று.

அவருக்கு நேர்ந்த இடர்ப்பாட்டையும் மறத்தல் ஆகாது. மாயா எழுத்திற்கு லாந்தாவின் பட்டியலும், நீண்ட ஏடுகளும், அரசர் வரலாறு பொறித்த கல்வெட்டுகளும் இருந்தன. சிந்து எழுத்திற்கு இருமொழிப் பொறிப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்து குறிகளே உள்ளன. ஒரே பக்கத்தில் அமைந்த மிக நீண்ட தொடரும் 17 குறிகளே. அது எழுத்தே அன்று என்று வாதிட்டவர்களும் 2004 முதல் உண்டு. இந்நிலையில் மகாதேவன் கைக்கொண்ட நெறி வணங்கத்தக்கது. 1977இல் சிந்து எழுத்துத் தொடர்கள் அனைத்தையும் தொகுத்து, 417 குறிகள் கொண்ட பட்டியலையும் சொல்லடைவையும் அவர் வெளியிட்டார். சில குறிகளுக்கு விளக்கங்கள் கூறினாரேயன்றி, எழுத்தைத் திறந்துவிட்டேன் என்று 2018இல் மறையும்வரை அவர் அறிவிக்கவில்லை. தமிழ்க் கல்வெட்டில் வென்ற அதே அறிஞர், சிந்து முத்திரையின்முன் காத்திருக்கவும் அறிந்திருந்தார்.

இந்தக் காத்திருப்பே இன்று நமக்கு அரிதாகி வருகிறது. 2025 ஜனவரியில் தமிழக முதலமைச்சர், சிந்து எழுத்தை வாசிப்போருக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டாலர் பரிசு அறிவித்தார். தமிழகத்துப் பானை ஓடுகளின் கீறல் குறிகள் பல சிந்துக் குறிகளை ஒத்திருப்பதை அரசின் தொல்லியல் துறை தொகுத்து வெளியிட்டுள்ளது. ஆதிச்சநல்லூரும் சிவகளையும் கொற்கையும் நம் தூத்துக்குடி மாவட்டத்திலேயே இருக்கின்றன. பெருமிதம் கொள்ள நமக்கு உரிமை உண்டு. ஆயினும் உருவ ஒப்புமை ஒலி ஒப்புமை ஆகாது; குறி ஒன்றாயிருந்தும் அது குறித்த பொருள் வேறாயிருக்கலாம். தமிழ் மேன்மையுற வேண்டும் என்னும் ஆசையால், வாசிக்கப்படாததை வாசித்துவிட்டதாக மேடையில் முழங்குவோமாயின், அது தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது. பொய்ச்சான்று சொல்லாதே என்ற கட்டளை அயலானைப் பற்றிய பேச்சுக்கு மட்டுமன்று, முன்னோரைப் பற்றிய பேச்சுக்கும் உரியது.

அப்படியாயின் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லையா? உண்டு. மாயா எழுத்தைத் திறந்தது ஒரு பழைய அகராதியில் தங்கியிருந்த வான்கோழியின் பெயரும் நாயின் பெயரும். ஹீராஸ் அடிகளாரை ஈர்த்தது மீன் என்னும் எளிய சொல். மக்களின் அன்றாடச் சொற்களே என்றேனும் ஒருநாள் திறவுகோலாகின்றன. நம் கடற்கரையில் வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்கும், நீரோட்டத்துக்கும், வலைக்கும், வள்ளத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும், சிப்பியின் வகைகளுக்கும் முதியோர் வழங்கும் பெயர்கள் எத்தனை! விசைப்படகும் திசைகாட்டும் கருவியும் வந்தபின் அவற்றுள் பல வழக்கொழிந்து வருகின்றன. எரித்தால்தான் ஏடு அழியும் என்பதில்லை. கேட்பாரற்றுப் போனாலும் அழியும். பங்குதோறும் இளைஞர் சிலர் முதியோரிடம் அமர்ந்து இச்சொற்களை எழுதி வைப்பாராயின், அண்டிரிக் அடிகளார் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாகவே அது அமையும்.

திருத்தூதர் பணிகள் நூலில் எத்தியோப்பிய அலுவலர் ஒருவரைக் காண்கிறோம். தேரில் அமர்ந்து எசாயாவின் ஏட்டை அவர் உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். வாசிப்பது விளங்குகிறதா என்று பிலிப்பு வினவ, வழிகாட்டுவார் இன்றித் தமக்கு எவ்வாறு விளங்கும் என்று அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டார். அரசியின் கருவூலத்திற்கே பொறுப்பாளராயிருந்த அந்தப் பெரியவருக்கு அதனைச் சொல்வதில் நாணமில்லை. பிலிப்பும் கீழே நின்று உபதேசிக்கவில்லை. தேரில் ஏறி அவர் அருகே அமர்ந்தார். லாந்தா தம் மக்களின் அருகே அமரவில்லை. ஹீராஸ் அடிகளார் அமர்ந்தார். ஆனால் விளங்கவில்லை என்று சொல்லத் தயங்கினார். இரண்டையும் செய்யக்கூடிய வாசகருக்காகச் சிந்துவெளியின் அந்தச் சிறு மீன் இன்னும் காத்திருக்கிறது.